சுவர் மூலையில் ஒட்டும் பூனை பிரஷ்: எதற்காக வாங்கலாம்?

சுவரின் வெளிமூலையில் பொருத்தும் பூனை பிரஷ், பெங்களூரு பெட் ஷாப்களிலும் ஆன்லைனிலும் பெரும்பாலும் 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பூனை தானாகவே முடி வாரிக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த வேலைக்கு இது தேறாது. உதிர்கிற முடியில் கொஞ்சம் மாட்டும், அவ்வளவுதான். பெர்ஷியன் பூனையின் சிடுக்கை இது எடுக்காது. அதற்கு ஸ்டீல் சீப்பு வேண்டும். ஆனாலும் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குக் கட்டாயம் வாங்கலாம். காரணம் வேறு.

பூனைக்குக் கன்னம், வாயோரம், தாடை, கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதி ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலை, பிரிட்ஜ் முனை, நம் கால் என்று முகத்தை உரசுவது, தன் வாசனையை அங்கே பூசிவைக்கத்தான். அந்த வாசனை இருக்கும் இடத்தில் அதற்குப் பயம் குறைகிறது. பிரான்ஸ் நாட்டு விலங்கு மருத்துவர் பாட்ரிக் பாஜா இந்தக் கன்னச் சுரப்பை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார். அதில் எஃப்3 பொருட்களில் உரசும்போது வெளிப்படுவது. எஃப்4 பழகிய பூனைகள், மனிதர்கள் மீது உரசும்போது வெளிப்படுவது. பிரஷ் கதவு நிலைக்குத்தான் மாற்று, உங்கள் காலுக்கு அல்ல. நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து காலைச் சுற்றுவது தொடரும், தொடரவும் வேண்டும்.

பெட்டிக்குள் பொதுவாக ஓர் அடித்தட்டு, அதன்மேல் மாட்டும் பிரஷ், இரண்டு திருகு, இருபக்க டேப், ஒரு சின்னப் பாக்கெட் கேட்னிப் (பூனைகளை ஈர்க்கும் மூலிகைத் தூள்) இருக்கும். பூனை நின்றால் கன்னம் எந்த உயரத்தில் வருகிறதோ, அங்கே பிரஷின் நடுப்பகுதி வரவேண்டும். வளர்ந்த பூனைக்குத் தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. சரியாக இருக்கும். ஏற்கெனவே உரசி உரசிப் பழுப்பேறிய மூலை வீட்டில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. யாரும் போகாத பால்கனி மூலையில் ஒட்டினால் பூனை திரும்பிக்கூடப் பார்க்காது.

பெரிய குறை டேப்தான். சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது டிஸ்டெம்பர். டேப் இரண்டு நாள்கூட நிற்காது, விழும்போது பெயின்டையும் உரித்துக்கொண்டு விழும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று அட்வான்ஸில் பிடித்தம் செய்யும் ஊர் பெங்களூரு, துளை போடவும் யோசிப்போம். அப்படிப்பட்ட வீட்டில் அடித்தட்டின் திருகு ஓட்டைகள் வழியாகக் கேபிள் டை கோத்து, கனமான மேஜைக் காலில் கட்டிவிடுவதே நல்லது. வழவழப்பான சுவர் என்றால் ஈரமில்லாமல் துடைத்து, டேப்பை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் விட்டுப் பிரஷை மாட்டுங்கள்.

கேட்னிப்பைப் பெரிதாக நம்ப வேண்டாம். அது பிடிக்காத பூனைகள் நிறைய, குட்டிகளுக்கு அதில் ஈர்ப்பே இருக்காது. மெல்லிய துணியால் பூனையின் கன்னத்தை மெதுவாகத் துடைத்து, அதே துணியைப் பிரஷில் தேயுங்கள். தன் வாசனை இருந்தால் தானே வந்து உரசும். வாங்கும்போது முட்களை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் உரசிப் பாருங்கள். கீறினால் அந்தப் பிரஷ் வேண்டாம்.

பிரஷில் மாட்டிய முடியை வாரம் ஒருமுறை சீப்பால் எடுத்தால் போதும். அடிக்கடி கழுவினால் பூசிய வாசனை போய்விடும். அழுக்கேறினால் வெதுவெதுப்பான நீரில் அலசலாம். அந்த மூலையில் ஃபினாயில் கூடவே கூடாது, பூனைக்கு அது நஞ்சு. தாடையில் கரும்புள்ளிகளோ வட்டமாக முடி உதிர்ந்த இடமோ தெரிந்தால் பிரஷைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரையாக இருந்தால் மற்ற பூனைகளுக்கும் நமக்கும் ஒட்டும். உரசாமல், தலையைச் சுவரில் அழுத்தியபடி அசையாமல் நின்றால் அது பாசமோ வாசனை பூசுவதோ அல்ல. மூளைப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம், அன்றைக்கே ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ தூக்கிச் செல்லுங்கள்.

வீடு மாறும்போது பிரஷைக் கழுவாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். புது வீட்டில் பூனையை முதலில் விடும் அறையிலேயே, அதன் மூலையிலோ மேஜைக் காலிலோ மாட்டிவிட்டு, பிறகு பூனைக் கூடையைத் திறந்துவிடுங்கள்.