சான் ஸ்டார்மில் வெளியே வாங்கிப் போட்ட டேஷ்போர்டு சுவிட்சுகள்: நெல்லை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கியவை எவை?

என் காரில் வெளியே வாங்கிய சுவிட்சுகளைப் போட்டது 2021இல். அதன் பிறகு சில கோடை, சில அடைமழை, 2023 டிசம்பர் வெள்ளம் என்று எல்லாவற்றையும் அவை பார்த்துவிட்டன. மாட்டிய புதிதில் எழுதியிருந்தால் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். வாங்கப் போகிறவர்களுக்கு உபயோகமான விஷயம் எல்லாம் அப்புறம்தான் தெரிய வந்தது.

வண்டி சான் ஸ்டார்ம். கோவாவில் செய்த இரண்டு சீட் கார், 1990களின் கடைசியில் வெளிவந்தது. ரெனோவின் 1149 சிசி எஞ்சின், 60 குதிரைத்திறன், ஃபைபர் பாடி, மேல்கூரையைக் கழற்றினால் திறந்த வண்டி. இன்றைய கணக்குக்கு வேகமான கார் கிடையாது. ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுவதும், பணகுடி தாண்டியதும் பக்கவாட்டில் அடிக்கும் காற்று ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரிவதும் வேறு எந்த வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது. பழைய சுவிட்சுகளின் பிளாஸ்டிக் இருபது வருட வெயிலில் நொறுங்கத் தொடங்கியிருந்தது. அவ்வளவு வயதில் எந்தப் பிளாஸ்டிக்கும் அப்படித்தான் ஆகும். அதே சுவிட்சைத் தேடி அலைவதைவிட, வேண்டியதை நாமே அமைத்துக்கொள்வது நல்லது என்று முடிவு செய்தேன்.

எனக்கு வேண்டியிருந்தவை நான்கு: ரேடியேட்டர் ஃபேனைக் கையால் போட ஒன்று, முன்னால் கூடுதலாக வைத்த இரண்டு 55 வாட் விளக்குகளுக்கு ஒன்று, பெட்ரோல் பம்பை நிறுத்த ஒன்று, போன் சார்ஜருக்கு ஒன்று. முதலும் மூன்றாவதும் டோகிள், அதாவது சின்னத் தண்டை மேலும் கீழும் தள்ளும் வகை. மற்ற இரண்டும் ராக்கர், வீட்டு சுவிட்ச் போல அழுத்தும் வகை. பாளையங்கோட்டையில் ஒரு லேத்தில் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி, நடு டேஷ்போர்டில் மாட்டினோம். டோகிளுக்கு 12 மில்லிமீட்டர் வட்ட ஓட்டை, ராக்கருக்கு 37க்கு 21 மில்லிமீட்டர் நீள்சதுரம்.

இந்த வண்டியில் சுவிட்சைவிட முக்கியம் எர்த். இரும்பு பாடி காரில் கரண்ட் பாடி வழியாகவே பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிவிடும். பக்கத்தில் கிடைக்கிற போல்ட்டில் எர்த் கொடுத்தால் வேலை முடிந்தது. ஃபைபரில் கரண்ட் போகாது. வண்ணார்பேட்டையில் வயரிங் பார்க்கும் அண்ணாச்சி டேஷ்போர்டைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். “தம்பி, எர்த்த எங்கன கொண்டு குடுக்கப் போறிய? பாடி பூரா ஃபைபருல்லா!”

வழியையும் அவரே சொன்னார். பேட்டரி நெகட்டிவிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயர் ஒன்றை டேஷ்போர்டுக்குப் பின்னால் இழுத்து, வீட்டு மீட்டர் பெட்டியில் போடும் பித்தளை நியூட்ரல் லிங்க் ஒன்றில் முடித்தோம். ஒவ்வொரு ரிலேயின் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் மின்சுவிட்ச்) எர்த்தும், ஒவ்வொரு விளக்கின் எர்த்தும் தனித்தனி வயராக வந்து அந்த லிங்க்கில் தனித்தனி ஸ்க்ரூவில் முறுகும். ஒன்றோடு ஒன்றைத் திருகி டேப் சுற்றிய இடம் ஒன்றுகூட இல்லை. அப்படிச் சுற்றிய வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கும் சேர்ந்து மினுக்கும், ஹார்ன் அடித்தால் பெட்ரோல் முள் துள்ளும். எர்த் ஒழுங்காகக் கிடைக்காத கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்பப் பார்ப்பதால் வரும் கோளாறு அது. என் வண்டியில் இன்றுவரை அந்தத் தொல்லை வரவில்லை. இந்த வேலை முழுவதிலும் மிகவும் உருப்படியான செலவு எது என்று கேட்டால் அந்தக் கறுப்பு வயரைத்தான் காட்டுவேன்.

அடுத்தது ரிலே. அது ஏன் வேண்டும் என்பதற்கு முதலில் சுவிட்சின் அளவைப் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் பல சுவிட்சுகளின் மேல் 250 வோல்ட், 6 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அது வீட்டுக் கரண்டுக்கான அளவு. நம் வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால் சுவிட்சை அணைக்கும்போது காண்டாக்ட் நடுவே எழும் பொறி உடனே அணைந்துவிடும். காரில் ஓடுவது டிசி. அது பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. ஃபேன் மோட்டார் போல உள்ளே சுருள் இருக்கும் பொருள் என்றால் பொறி இன்னும் நீளும், ஒவ்வொரு தடவையும் காண்டாக்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். டிசி அளவு தனியாகப் போடாத சுவிட்சை நான் தொடவே மாட்டேன்.

டிசி அளவு போட்டிருந்தாலும் பெரிய கரண்டை சுவிட்ச் வழியாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. இரண்டு 55 வாட் விளக்கு என்றால் 110 வாட். எஞ்சின் ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டில் அது 8 ஆம்பியர். பல்பு இழை குளிர்ந்திருக்கும் முதல் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயை இயக்கும் சுருளான காயிலுக்கு வேண்டியது 0.15 ஆம்பியர் அளவுதான். ஆகவே சுவிட்ச் காயிலை மட்டும் இயக்குகிறது. ரிலேயின் 30ஆம் பின்னில் பேட்டரி, 87இல் விளக்கு, 85இல் எர்த். 86க்கு வரும் கரண்டை ஹை பீம் வயரிலிருந்து எடுத்து சுவிட்ச் வழியாகக் கொடுத்திருக்கிறோம். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாகப் பாபநாசம் போகிற ரோட்டில் இரவில் எதிரே பஸ் வரும்போது டிப் செய்தால் கூடுதல் விளக்கும் சேர்ந்தே அணைந்துவிடும், கையைத் தனியாக எடுக்க வேண்டாம். கூடுதல் விளக்கு போடுகிற எல்லாரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. எதிரே பைக்கில் குடும்பத்தோடு வருகிறவரின் கண்ணைக் கூசவைத்து நாம் வெளிச்சம் பார்ப்பது நியாயமே இல்லை.

ஃப்யூஸ் 15 ஆம்பியர், நீல நிறம். அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது. ஃபைபர் பாடியின் ரெசின் நன்றாகத் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் இதில் துளி விட்டுக்கொடுப்பும் கூடாது. வயர் எஞ்சின் பக்கமிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் கிராமெட்டும் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம்.

பம்ப் சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு விமானத்தில் இருப்பது போன்ற சிவப்பு மூடி போட்ட டோகிள். இந்த மூடியைச் சாத்தினால் அது டோகிளைக் கீழே தள்ளி ஆஃப் செய்துவிடும், அதன் அமைப்பே அப்படி. சாதாரணமாக வயர் கொடுத்தால் பம்ப் ஓடும் நேரமெல்லாம் மூடி திறந்தே நிற்க வேண்டும். சட்டைக் கை பட்டு மூடி விழுந்தால் நான்குவழிச் சாலையில் எஞ்சின் நின்றுவிடும். அதனால் 5 பின் ரிலே எடுத்து, பம்பை 87ஏ பின்னில் கொடுத்தோம். காயிலில் கரண்ட் இல்லாதபோது 30ஆம் பின்னுக்கும் 87ஏவுக்கும் தொடர்பு இருக்கும், பம்ப் ஓடும். மூடியைத் தூக்கி டோகிளை மேலே தள்ளினால் ரிலே இழுத்துப் பம்பை நிறுத்தும். மூடி சாத்தியிருப்பதுதான் ஓட்டும் நிலை. காயில் வயர் அறுந்தாலும் வண்டி வழியில் நிற்காது. காயிலுக்குக் கரண்டை சாவி போட்ட பிறகு வரும் வயரிலிருந்து எடுத்ததால், டோகிளை மேலே தள்ளி நிறுத்திவைத்தாலும் பேட்டரி இறங்குவதில்லை. இத்தனை வருடத்தில் இந்த ஒரு சுவிட்சில் மட்டும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

ஃபேன் சுவிட்ச், எஞ்சின் சூடானால் தானாகப் போடும் தெர்மோ சுவிட்சுக்கு இணையாக நிற்கிறது, இரண்டில் எது போட்டாலும் ரிலே இழுக்கும். சின்ன எல்இடி விளக்கு ஒன்றைத் தனியாக வாங்கி, அதன் கரண்டை ரிலேயின் 87ஆம் பின்னிலிருந்து எடுத்தேன். நான் போடாமல் தெர்மோ சுவிட்ச் தானாகப் போட்டாலும் அந்த விளக்கு எரியும். ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தடியில் மத்தியான நேரம் மாட்டிக்கொண்டு வெப்ப முள் ஏறும்போது, ஃபேனுக்குக் கரண்ட் போகிறது என்று கண்ணால் பார்ப்பது எவ்வளவு நிம்மதி என்பது பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, வெயில். திறந்த காரைக் கத்திரி வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தினால் டோகிளின் குரோம் தண்டைத் தொட முடியாது. விரல் பட்டதும் தோசைக்கல்லில் பட்டதுபோல் கை தானாகப் பின்னால் வரும். இரண்டு தண்டிலும், சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கிவிட்டேன். சூடும் தெரியாது, வியர்வைக் கை வழுக்காது. ஃபேனுக்கு மெல்லிய குழாய், பம்புக்குத் தடித்தது. பார்க்காமலே விரலுக்கு எது எது என்று தெரிந்துவிடும். ஓட்டும்போது கண் ரோட்டைவிட்டு வரக்கூடாது என்பதால் சுவிட்சைத் தடவிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நன்றாக ‘டக்’ என்று விழும் சுவிட்சுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

ராக்கர்கள் வெயிலில் தோற்றன. விளக்குப் படம் அச்சிட்ட வெள்ளை மை முதல் கோடையிலேயே மங்கி, இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. லேசரில் செதுக்கி உள்ளிருந்து ஒளிரும் வகை என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. உள்ளே இருந்த நீல எல்இடி பகல் வெயிலில் எரிகிறதா என்றே தெரியாது. இரவில் கண்ணைக் குத்தும், முன் கண்ணாடியில் நீலப் புள்ளியாக எதிரொளிக்கும். எல்இடியின் எர்த் பின் தனியாக இருந்ததால் வழியில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன், வெளிச்சம் அடங்கியது. புதிதாக வாங்குகிறவர்கள் சிவப்பு அல்லது மஞ்சள் விளக்கு உள்ளதை வாங்குங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது.

உவரிக்கும் திருச்செந்தூருக்கும் அடிக்கடி போகிற வண்டி இது. உப்புக்காற்று போதாதென்று, திசையன்விளைப் பக்கம் தேரி மண் வேறு. அந்தச் செம்மண் பவுடர் மாதிரி நுணுக்கமானது, ராக்கரின் பக்கவாட்டு இடுக்கில் புகுந்து அழுத்தும்போது நறநறக்கும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி67 அளவு எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். பல சுவிட்சுகளில் அந்த அளவு முன்பக்க முகத்துக்கு மட்டும்தான். பின்னால் டெர்மினல்கள் திறந்தே கிடக்கும், உப்பு அங்கே வேலையைக் காட்டும். வயர் நுனியில் இருக்கும் உலோக முனையான லக் எல்லாவற்றிலும் வேசலின் தடவியிருக்கிறேன். ஆனாலும் சார்ஜர் ராக்கரின் ஒரு லக் பிடிப்புத் தளர்ந்து, சூடாகி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறிவிட்டது. லக்கை வெட்டி எடுத்து, வெள்ளீயம் பூசிய புது லக் கிரிம்ப் செய்த பிறகு சரியானது. எப்போதாவது போடும் சுவிட்சின் காண்டாக்ட்டில் படலம் பிடிக்கும் என்பதையும் கவனித்தேன். கூடுதல் விளக்கு சுவிட்ச் சில நேரம் முதல் தட்டில் பிடிக்காது. தினம் போடுகிற ஃபேன் சுவிட்சில் அந்தத் தொல்லையே இல்லை. உபயோகம் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் நாலு தட்டு தட்டி விடுவது இப்போது பழக்கமாகிவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நம் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் புகுந்தது. எங்கள் தெருவிலும் வண்டியின் தரைவிரிப்பு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் ஏறும் முன்பே பேட்டரி நெகட்டிவைக் கழற்றியிருந்தேன். ரிலே பெட்டியும் ஃப்யூஸும் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள சுவர்) உயரமாக இருந்ததால் அவற்றுக்கு ஒரு சேதமும் இல்லை. சீட்டுக்கு அடியில் பம்புக்குப் போகும் வயரை இணைக்கும் பழைய கப்ளர் மட்டும் சில மாதம் கழித்துப் பச்சை பிடித்தது. வண்டி மேட்டில் திணறியபோது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 14 வோல்ட், பம்பில் 12க்கும் கீழே. கப்ளரை மாற்றியதும் பழைய இழுவை திரும்பி வந்தது. ஃபைபர் காரில் ரிலேயை சீட்டுக்கு அடியில் வைக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கம்பெனி வயரிங்கை எங்கேயும் வெட்டவில்லை. பேனல் முழுவதும் ஒரே கப்ளரில் சேர்கிறது, கழற்றினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டியிருப்பதால் இது பெரிய சௌகரியம். வயரிங் படத்தை வண்ணத்தோடு வரைந்து லேமினேட் செய்து டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வழியில் வேறு எலக்ட்ரீஷியன் கை வைக்க நேர்ந்தாலும் தடுமாற மாட்டார்.

இரண்டு ராக்கரையும் எடுத்துவிட்டு, ரப்பர் தொப்பி போட்ட டோகிளாக மாற்றப் போகிறேன். ரிலே, ஃப்யூஸ், எர்த் எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. ராக்கரின் பெரிய ஓட்டையில் டோகிள் நிற்காது என்பதால் தகடு மட்டும் புதிதாக வேண்டும். லேத்தில் அளவு கொடுத்தாயிற்று, இந்த முறை 3 மில்லிமீட்டர்.