கேனா, கன்னா, பட்டறையா? கார் பாகங்களுக்கு வீட்டில் பெயிண்ட் அடித்துப் பார்த்த அலசல்

என்னிடம் இருப்பது வெள்ளி நிற வேகன்-ஆர். ஒருநாள் தெருமுனையில் தண்ணீர் லாரிக்கு வழிவிடப்போய், இடப்பக்கக் கண்ணாடியின் மூடி சுவரில் உரசியது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் துண்டில் தொடங்கிய வேலை, பெட்ரோல் மூடி, நான்கு இரும்பு வீல்கள், பின் பம்பரின் மூலை என்று இரண்டு வருஷமாக நீண்டுகொண்டே போகிறது. கடையில் விற்கும் ஸ்ப்ரே கேனில் அடித்தேன். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரும் பெயிண்ட் தெளிக்கும் கன்னும் வாடகைக்கு எடுத்து அடித்தேன். அப்புறம் பட்டறைக்கும் போனேன்.

ஆரம்பத்தில் எனக்கு இருந்த கவலை நிறம் பொருந்துமா என்பது மட்டும்தான். இப்போது யாராவது கேட்டால், முதலில் மேலே அடிக்கும் லாக்கர் எதுவென்று முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும் என்கிறேன்.

நிறத்தின் மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற பூச்சு இது, பட்டறையில் இதைக் 'கிளியர்' என்பார்கள். லாக்கர் என்ற பெயர் அரக்கைக் குறிக்கும் 'லாக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து கிளைத்து, பல மொழிகளைச் சுற்றி வந்தது. காருக்கு அடிக்கும் லாக்கரில் அரக்கு ஒரு துளியும் கிடையாது. 1920களில் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1924 மாடல் ஓக்லண்ட் கார்களில் நீல நிறமாக அடித்தது. அதற்கு முன்னால் ஒரு காருக்குப் பூச்சு முடித்து வெளியே விட வாரக்கணக்கில் ஆகும். அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் நம் ஊர்ச் சிறு பட்டறைகளில் 'என்சி பெயிண்ட்' என்று இன்னும் புழங்குகிறது. வெடிமருந்துப் பஞ்சின் உறவுக்காரச் சரக்கு இது. துரியோதனன் கட்டிய அரக்கு மாளிகையை நினைத்துப் பார்த்தால், பற்றிக்கொள்ளும் குணத்தில் பெயர்ப்பொருத்தம் சரிதான்.

வெல்லப்பாகும் சிமென்டும்

லாக்கரில் இரண்டு ஜாதி. 1கே என்பது அப்படியே அடிப்பது. அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போனதும் மிச்சம் இருப்பது இறுகிவிடும். 2கே என்பது ஹார்ட்னர் என்ற இறுகவைக்கும் பொருளைச் சேர்த்து அடிப்பது. அங்கே தின்னர் பறந்த பிறகும் இரண்டு பொருளும் வேதிவினை புரிந்து பின்னிக்கொள்கின்றன.

வெல்லப்பாகு காய்ந்து கல்லாய் இறுகினாலும், தண்ணீரில் போட்டால் மறுபடி கரைந்துவிடும். சிமென்ட் இறுகிவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. 1கே வெல்லம், 2கே சிமென்ட்.

இதை நான் பெட்ரோல் மூடியில் படித்தேன். 1கே கிளியரில் மூன்று கோட் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, மெருகேற்றும் கம்பவுண்ட் போட்டுத் தேய்த்ததும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பெருமையாக நாலு பேரிடம் காட்டினேன். அடுத்த மாதம் பெட்ரோல் பங்கில் டேங்க் நிரம்பி நாலு சொட்டுப் பெட்ரோல் வழிந்தது. துடைப்பதற்குள் அந்த இடம் பிசுபிசுத்துவிட்டது, துணியில் வெள்ளி நிறம் வேறு. பெட்ரோலோ பிரேக் ஆயிலோ படக்கூடிய எந்த இடத்துக்கும் 1கே ஆகாது. கார் பெட்ரோல் மூடியைச் சுற்றி, பைக் டேங்க், பானெட்டுக்குள் உள்ள பாகங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

கண்ணாடி மூடி, கதவுக் கைப்பிடி, வீல் கப் போன்றவற்றுக்கு 1கே போதும். வெயிலில் 2கே அளவுக்கு நிற்காது, சில வருஷத்தில் மங்கும். மறுபடி தேய்த்து அடிக்க வேண்டியதுதான். கழற்றுவதற்கு இரண்டு கிளிப் என்றால் அதிலொன்றும் நஷ்டமில்லை.

கேன்

400 மில்லிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கேன், எங்கள் பக்கம் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடிப்பூச்சான பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்று வாங்க வேண்டும். சின்ன பாகத்துக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. கழுவ வேண்டிய கன் இல்லை, சத்தம் இல்லை, கரண்ட் வேண்டாம்.

நிறத்துக்குப் பெயரை நம்பாமல் நிறக் குறியீட்டைப் பாருங்கள். காரிலேயே ஒட்டியிருக்கும் தகட்டில் அது இருக்கும். மாருதியின் சுப்பீரியர் ஒயிட் என்றால் 26யூ, சில்கி சில்வர் என்றால் இசட்2எஸ். குறியீட்டைச் சொன்னால் கலந்து கேனில் அடைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆல்ட்டோவின் கண்ணாடி மூடிக்கு நான்தான் 26யூ அடித்துக் கொடுத்தேன். எந்தப் பக்கம் அடித்தது என்று அவருக்கே இப்போது தெரியாது. வெள்ளி நிறத்தில் அலுமினியத் துகள்கள் மிதக்கின்றன. கேனைக் கிட்டத்தில் பிடித்து ஈரமாக அடித்தால் துகள்கள் அடியில் அமிழ்ந்து நிறம் கறுக்கும். தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் வெளுக்கும். அதே கேன், அதே கை, இரண்டு நிறம். 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதலில் ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, காரோடு ஒட்டிப் பாருங்கள். நான் அட்டையில் பார்க்காமலே அடித்தேன்.

கேனின் இன்னொரு குணம், தீரப்போகும் நேரத்தில் துப்ப ஆரம்பிக்கும். அதனால் கடைசிக் கால் பாகத்தை நான் நம்புவதில்லை. முடிந்ததும் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அடித்துவிட்டால் மூக்கு அடைக்காது. பானெட், கதவு மாதிரி பெரிய பரப்புக்குக் கேனை எடுக்கவே வேண்டாம். கேன் தெளிக்கும் விசிறி சிறியது, முதல் வரி காய்ந்த பிறகுதான் கடைசி வரிக்கு வந்து சேருவீர்கள். பட்டை பட்டையாகத் தெரியும்.

கம்ப்ரஸரும் கன்னும்

வீல்களுக்காக இதை வாடகைக்கு எடுத்தேன். 1 எச்பி மோட்டார், 50 லிட்டர் டேங்க். யூடியூபில் பார்த்தால் ராஜா மாதிரி அடிக்கிறார்கள். நடந்தது வேறு. பெரிய கன் கேட்கும் காற்றை அந்த மோட்டாரால் தொடர்ந்து தர முடியாது. அரை வீல் அடித்ததும் அழுத்தம் இறங்கி, மாவு மாதிரி இருந்த மூடுபனி மழைத்தூறல் ஆகிவிடும். நின்று, டேங்க் நிரம்பக் காத்திருந்து, மறுபடி அடிக்க வேண்டும். டச்சப்புக்கு என்று விற்கும் சின்னக் கன்னை மாட்டிய பிறகுதான் வேலை நகர்ந்தது. சிறிய கம்ப்ரஸருக்குச் சிறிய கன் என்பதை வாடகைக்குத் தருபவர் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். அது ஹோஸ் வழியாக வந்து பெயிண்டில் கொப்புளமாக நிற்கும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், டேங்கின் அடித் திருகையும் அவ்வப்போது திறந்து விடுங்கள். முடித்த கையோடு கன்னைத் தின்னரில் கழுவ வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் பெயிண்ட் உட்காரும் விதத்தில் கன்னுக்குக் கேன் நிகரில்லை. அழுத்தம், அகலம், பெயிண்டின் அளவு மூன்றும் கையில் இருக்கும். தோட்டத்தோடு வீடு இருந்து, வருஷத்துக்கு நாலைந்து வேலை வரும் என்றால் வாங்கலாம். ஒரு கண்ணாடி மூடிக்காகக் கம்ப்ரஸர் வாங்குவது, தோசை ஒன்றுக்கு அரவை மில் வைப்பது போல.

வீல் மட்டும்தான் என்றால் பவுடர் கோட்டிங் இன்னொரு வழி. உலர்ந்த தூளை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து 180, 200 டிகிரி அடுப்பில் உருக்கி இறுகவைப்பார்கள். கல் தெறித்தாலும் லேசில் பெயராது. பிளாஸ்டிக் பாகத்தை அந்த அடுப்பில் வைத்தால் உருகிப்போகும். அலாய் வீல் என்றால் அந்தச் சூடு அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்ட பிறகு கொடுங்கள்.

மூச்சு

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2கே ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். இதைச் சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவே இழுப்பைக் கிளப்பப் போதும். வாசனை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அளவு மீறியிருக்கும். பிரிட்டனில் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. அங்கே ஸ்ப்ரே பெயின்டர்கள் வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடி போட வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், தொழிலாக இதைக் கையாள்பவர்களுக்குப் பயிற்சி கட்டாயம்.

நம் பட்டறைகளில் முகத்தில் கைக்குட்டை கட்டியிருப்பார்கள், அதுவும் பாதி நேரம் கழுத்தில் கிடக்கும். அதைப் பார்த்து நாமும் துணிந்துவிடக் கூடாது. கொரோனாவுக்கு வாங்கிய மாஸ்க் தூசியைப் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது.

2கே கிளியர் கேனிலும் வருகிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹார்ட்னர் குப்பி உடைந்து கலக்கும். அதன்பிறகு ஓரிரு நாளில் கேனுக்குள்ளேயே இறுகிவிடும், மிச்சம் வைக்க முடியாது. கேனில் வருவதால் இது பாவப்பட்ட பொருள் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது அதே ஐசோசயனேட்தான். அடுக்குமாடி பால்கனியில், குழந்தைகள் இருக்கும் வீட்டில் 2கே அடிக்கவே கூடாது என்பது என் கட்சி. கேனை விட்டுக் கன்னுக்குப் போனாலும் இது மாறாது.

1கேயும் பன்னீர் அல்ல. கேனைத் தள்ளும் வாயு எரியக்கூடியது. கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர், பூஜையறை விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தின்னர் ஆவிக்கென்று விற்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இதற்குப் பொருந்தும். கேனைக் காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று அதிலேயே எழுதியிருக்கும்.

எப்போது, எப்படி

எங்கள் ஊர் கோவை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பெயிண்ட் நிற்குமா? மொட்டைமாடியில் நான் அடித்த பிரைமர், அம்மா காயப்போட்டிருந்த சுண்டைக்காய் வற்றலில் போய் உட்கார்ந்தது. ஒரு முறம் வற்றலைக் கொட்ட வேண்டியதாயிற்று, அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஐப்பசி மழைக்காலத்தில் வேறு தொல்லை. தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, லாக்கர் பால்போல் வெளுத்துவிடும். சித்திரை உச்சிவெயிலில் துளிகள் போய்ச் சேரும் முன்பே காய்ந்து மணல்தாள் போலச் சொரசொரக்கும். தை, மாசியில் பனி விலகிய பிறகு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் என்பது என் முகூர்த்தம்.

பம்பருக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். உட்புறம் பிபி (பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்) என்று அச்சிட்டிருந்தால் அதில் சாதாரணப் பிரைமர் பிடிக்காது, பிளாஸ்டிக்குக்கான பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் வேகவைத்த முட்டையின் தோல் போல உரிந்து வரும். எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு அதே கையால் பாகத்தைத் தொட்டால், டேஷ்போர்டு பாலிஷ் அதன்மேல் பட்டிருந்தால், பெயிண்ட் வட்டவட்டமாக விலகி மீன்கண் விழும்.

பட்டறை

எங்கள் பக்கம் கதவு, பானெட் மாதிரி ஒரு பேனலுக்கு இரண்டரை ஆயிரத்திலிருந்து நாலாயிரம் கேட்கிறார்கள். கண்ணாடி மூடிக்கு அவ்வளவு இல்லை, ஆனால் சின்ன வேலை என்று நாலு முறை அலையவிடுவார்கள். 'நாளைக்கு வாங்க சார்' என்பது அங்கே ஒரு நாளைக் குறிக்கும் சொல் அல்ல.

கடைசியில் எனக்கு ஒத்துவந்தது நடுவழி. பெயிண்ட் வேலையில் பெரும்பங்கு தேய்ப்பதுதான், அதில் ஆபத்தும் குறைவு, வீட்டில் தாராளமாகச் செய்யலாம். பம்பரைக் கழற்றி, பட்டி வைத்து, 320 உப்புத்தாளில் தொடங்கி, பிரைமர் அடித்து, 800 வாட்டர் பேப்பரில் முடித்துப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். நிறமும் 2கே கிளியரும் மட்டும் அடித்துத் தந்தால் போதும் என்றேன். பெயின்டர் அண்ணன் கையால் தடவிப் பார்த்தார். "பிரைமர் என்ன கம்பெனி?" என்று கேட்டார். அதுதான் நியாயமான கேள்வி. அடியில் இருப்பது சரியாகக் காயாத எனாமலாக இருந்தால், மேலே அடிக்கும் பெயிண்டின் தின்னர் அதைத் தூக்கிவிடும், முதலைத்தோல் போலச் சுருங்கும். கேனைக் காட்டியதும் சம்மதித்தார். ஆனால் "அடிப்பூச்சு உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். முழு வேலைக்குக் கேட்டதில் பாதிதான் வாங்கினார். ஒரு வருஷமாகிறது, பம்பர் அப்படியே நிற்கிறது.

கண்ணாடி மூடி மட்டும் நான் அடித்த கேனோடுதான் இருக்கிறது. கிட்டத்தில் பிடித்து ஈரமாக அடித்ததால், சாயங்கால வெயிலில் கதவைவிட ஒரு நூல் கறுப்பு. என் மனைவிக்குத் தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு முறை காரை நிறுத்தும்போதும் தெரிகிறது.