கூகுள் சர்ச் கன்சோல்: விளம்பர பட்ஜெட்டைத் தொடும் முன் இதைத் திறங்கள்

சிறு நிறுவனங்களின் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கைச் சீர் செய்து கொடுப்பது என் தொழில். யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது விளம்பர பட்ஜெட்டை அல்ல, சர்ச் கன்சோலுக்கான அனுமதியை. "அப்படின்னா என்ன?" என்பார்கள், இல்லையென்றால் "வெப்சைட் செய்தவர் ஏதோ போட்டு வைத்தார்" என்பார்கள். கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும், காசே கேட்காத ஒரு கருவி இப்படித் தூசி படிந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

2015 வரை இதன் பெயர் வெப்மாஸ்டர் டூல்ஸ். அந்தப் பெயராலேயே இது புரோகிராமர்களுக்கானது என்று பலர் ஒதுங்கிவிட்டார்கள். மார்க்கெட்டிங் ஆளுக்குத்தான் இது அதிகம் தேவை. கூகுள் அனலிட்டிக்ஸ் உங்கள் தளத்துக்குள் வந்தவர்களைப் பற்றி மட்டும் பேசும். சர்ச் கன்சோலோ, தேடும்போது உங்கள் தளம் கண்ணில் பட்டும் உள்ளே வராமல் போனவர்களைப் பற்றியும் சொல்லும். என்ன தேடினார்கள், நீங்கள் எத்தனையாவது இடத்தில் தெரிந்தீர்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். உத்தியை மாற்ற வேண்டுமானால் வராமல் போனவர்களைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். தையல் மெஷின் உதிரிபாகங்களை ஆன்லைனில் விற்கும் ஒருவர் விளம்பரச் செலவை ஏற்றலாமா என்று கேட்டார். அவர் தளத்தின் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தோம். பாபின் கேஸ் (கீழ் நூல் உருளையைத் தாங்கும் பாகம்) விற்கும் பக்கத்துக்கு இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் தெரிந்த எண்ணிக்கை, குவிந்திருந்தது, கிளிக் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மக்கள் என்ன தேடினார்கள் என்று பார்த்தோம். 'தையல் மெஷின் அடியில் நூல் சிக்குது', 'கீழ் நூல் மேலே வரவில்லை', 'தையல் விட்டு விட்டு விழுது' என்று வரிசையாக வந்தது. பாபின் கேஸ் வாங்க வந்தவர்கள் அதில் சொற்பம். மற்றவர்கள் எல்லாரும் ஊசிக்கடியில் துணி மாட்டிக்கொண்ட நிலையில் தேடியவர்கள். அவர்களிடம் போய் 'தரமான உதிரிபாகங்கள், விரைவான டெலிவரி' என்று சொன்னால் யார் கிளிக் செய்வார்கள்?

அந்தப் பட்டியலைப் படித்ததும் உரிமையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைத்தானே நான் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!" என்றார். துணிக்கு அடியில் நூல் சிக்கினால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்தான் இருக்குமாம். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோர்த்தால், நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி நிற்கும், நூல் அதற்குள் போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோர்த்தாலே பல மெஷின்கள் சரியாகிவிடும். இதை அவர் சொல்லச் சொல்ல எழுதி ஒரு பக்கமாக்கினோம். தலைப்பில் அந்தக் கேள்வி, முதல் பத்தியிலேயே பதில், கீழே படம். அதற்கப்புறம்தான், பாபின் கேஸ் எப்போது உண்மையிலேயே தேய்ந்துபோயிருக்கும் என்ற விவரமும் வாங்குவதற்கான இணைப்பும். அந்த வகைத் தேடல்களுக்காகப் போய்க்கொண்டிருந்த விளம்பரப் பணத்தை நிறுத்தினோம்.

கிளிக் உடனே ஏறவில்லை, மெல்ல ஏறியது. அதைவிட எனக்குப் பிடித்தது, வரும் போன்கள் மாறியதுதான். விலை மட்டும் கேட்டுவிட்டு வைப்பவர்கள் குறைந்து, மாடல் எண்ணைச் சொல்லிச் சரியான பாகத்தைக் கேட்பவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

இந்த ரிப்போர்ட்டில் நான் எப்போதும் செய்யும் சில வேலைகள் உண்டு. திறந்தவுடன் கிளிக்கும் இம்ப்ரெஷனும் மட்டும் தெரியும், சி.டி.ஆரையும் (தெரிந்ததில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்ற கணக்கு) சராசரி இடத்தையும் நாமேதான் அழுத்தித் திறக்க வேண்டும். அடுத்து, நிறுவனத்தின் பெயர் இருக்கும் தேடல்களை ஃபில்டர் போட்டு நீக்கிவிடுவேன். உங்கள் பெயரை அடித்துத் தேடி வருகிறவர் ஏற்கெனவே உங்களை அறிந்தவர். அவரையும் கணக்கில் சேர்த்து 'எஸ்.இ.ஓ. வளர்ச்சி' (தேடலில் மேலே வரச் செய்யும் வேலையால் வந்த வளர்ச்சி) என்று அறிக்கை கொடுப்பது நியாயமில்லை. உங்களுக்கு வரும் மாத அறிக்கையில் இந்தப் பிரிவு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அப்புறம், 8 முதல் 20 வரையிலான இடங்களில் நிற்கும் தேடல்களைத் தனியாக எடுப்பேன். கொஞ்சம் உழைத்தால் மேலே வரக்கூடியவை அவைதான். 2021-இல் வந்த ரெஜெக்ஸ் ஃபில்டரில் (பல சொற்களை ஒரே நேரத்தில் தேடிப் பிரிக்கும் வசதி) 'எப்படி|ஏன்|எது' என்று போட்டால் கேள்வியாக வந்த தேடல்கள் மட்டும் நிற்கும். அடுத்த பல மாதங்களுக்கு என்ன எழுதலாம் என்பது அந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும். கீவேர்ட் ஆராய்ச்சிக்கென்று சந்தா கட்டும் கருவிகள் எனக்கும் வேண்டியிருக்கிறது, ஆனால் அவை தருவது மதிப்பீடு. இங்கே இருப்பது உங்கள் தளத்துக்கே நடந்தது.

குறைகளும் இருக்கின்றன. திரையில் 1,000 வரிகளுக்கு மேல் காட்டாது. மிகச் சிலரே தேடிய தேடல்களைத் தனியுரிமை காரணமாக மறைத்துவிடும். அதனால் அட்டவணையைக் கூட்டினால் மேலே உள்ள மொத்தத்துடன் ஒத்துப்போகாது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தரவு 16 மாதங்களுக்கு மட்டுமே இருக்கும். அதற்கு முந்தைய வருடத்தோடு ஒப்பிட வேண்டுமானால் மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது 2023-இல் வந்த, கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு அனுப்பும் ஏற்றுமதியை இணைக்க வேண்டும். பெரிய தளங்களுக்கு அந்த வழிதான் சரி. சிறிய தளத்துக்கு ஒரு ஷீட் போதும்.

அதிகம் குழப்புவது அந்தச் சராசரி இடம்தான். புதிதாகப் பத்துப் பக்கம் எழுதினால் அவை முதலில் 40, 50-ஆவது இடங்களில் தலைகாட்டும். உடனே மொத்தச் சராசரி சரியும். வளர்ச்சி நடக்கும் நேரத்திலேயே வரைபடம் வீழ்ச்சியைக் காட்டும். கூட்டத்தில் அதைப் பார்த்து ஒரு நல்ல திட்டத்தையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. சராசரி இடத்தை ஒரு தேடலுக்கு, ஒரு பக்கத்துக்கு என்று பாருங்கள். தளம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பக்கங்களைக் கூகுள் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று காட்டும் இன்டெக்ஸிங் ரிப்போர்ட்டை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். முக்கியமான பக்கம் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. பக்கத்தின் வேகத்தைக் காட்டும் கோர் வெப் வைட்டல்ஸ் பகுதியில் எல்.சி.பி. (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள்ளும், ஐ.என்.பி. (அழுத்தினால் பக்கம் பதிலளிக்க ஆகும் நேரம்) 200 மில்லி விநாடிக்குள்ளும் இருந்தால் நல்லது. வருகை குறைவான தளங்களுக்கு அங்கே தரவே வராது, அதைத் தவறு என்று நினைக்காதீர்கள்.

இந்தக் கருவி ஒன்றே போதுமா என்றால், போதாது. கிளிக் செய்து உள்ளே வந்தவர் வாங்கினாரா, பாதியில் போனாரா என்பது இதற்குத் தெரியாது. அதற்கு ஜி.ஏ.4 (இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸ்) வேண்டும், இரண்டையும் இணைத்தும் வைக்கலாம். இணைக்கும்போதே ஜி.ஏ.4-இல் டேட்டா ரிடென்ஷன் (தரவை எவ்வளவு காலம் வைத்திருப்பது) அமைப்பையும் பாருங்கள். தொடக்கத்தில் அது 2 மாதங்கள் என்றுதான் இருக்கும், 14 மாதங்களாக மாற்றிக்கொள்ளலாம். சமூக ஊடகத்தை மட்டுமே நம்பி, தளமே இல்லாமல் விற்பவர்களுக்குச் சர்ச் கன்சோலால் பெரிய பயன் இல்லை.

தளம் வைத்திருக்கும் மற்றவர்களைப் பொறுத்தவரை இந்தக் கருவிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை மதிப்பெண்ணை 1,000 வரிக் கட்டுப்பாட்டுக்காகக் குறைத்தேன். உங்கள் தளத்தை இதில் சேர்க்கும்போது 'டொமைன்' வகையைத் தேர்ந்தெடுங்கள். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, டி.என்.எஸ்.-இல் (டொமைன் பெயரின் அமைப்புகளில்) ஒரு டி.எக்ஸ்.டி. பதிவு, அதாவது ஒரு சிறு உரை வரி, போட வேண்டியிருக்கும், கொஞ்சம் மெனக்கெடல்தான். ஆனால் எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ்., துணை டொமைன்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். தளத்தைச் சேர்த்த பிறகுதான் தரவு சேரத் தொடங்கும் என்பதால், மார்க்கெட்டிங் உத்தியைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கப் போகிறவர்களும் இதை இப்போதே சேர்த்து வைத்துவிடுங்கள்.