மோட்டார் ரூமில் ஒரு கெப்பாசிட்டர்: நான்கு வருட அனுபவம்

மிஸ்டு கால் கொடுத்தால் கிணற்று மோட்டார் ஓடும்படி ஒரு கருவியை நானே செய்து மாட்டி நான்கு வருடம் ஆகிறது. சிம் போட்டு கால் வாங்கும் சிம்800எல் மாட்யூல், அதற்கு மூளையாக ஆர்டுயினோ நானோ, மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் சுவிட்சாக இரண்டு ரிலே, 12 வோல்ட் அடாப்டர், அதை 4.1 வோல்ட்டாகக் குறைக்கும் சின்ன பக் கன்வர்ட்டர் போர்டு, அவ்வளவுதான். ஆனால் இது ஒழுங்காக ஓடக் காரணம் பின்னால் சேர்த்த ஒரு கெப்பாசிட்டர், அதாவது கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, கேட்டவுடன் தரும் பாகம்.

வீட்டு மேசையில் ஒரு வாரம் பிசகாமல் வேலை செய்தது. தோட்டத்தில் மாட்டிய அன்றே தகராறு. "ரெண்டு ரிங் போச்சு, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுதுடா" என்றார் அப்பா. போய்ப் பார்த்தேன். டவர் கிடைத்துவிட்டால் மாட்யூலின் எல்இடி மூன்று வினாடிக்கு ஒருமுறை மின்ன வேண்டும். அது வினாடிக்கு வினாடி மின்னிக்கொண்டிருந்தது. ரீசெட் ஆகி, மறுபடி முதலிலிருந்து டவர் தேடுகிறது.

மல்டிமீட்டர் வைத்தால் அசையாமல் 4.1 காட்டியது. இரண்டு நாள் அதை நம்பி சிம்மையும் ஆன்டெனாவையும் மாற்றிக்கொண்டிருந்தேன். நண்பர் ஆசிலோஸ்கோப் (கண் இமைக்கும் நேர வோல்ட்டேஜ் மாற்றத்தையும் வரைந்து காட்டும் கருவி) கொண்டுவந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: கால் வரும்போது வோல்ட்டேஜ் 3.3 வரை குழி விழுந்து உடனே ஏறுகிறது. மாட்யூலுக்குக் குறைந்தது 3.4 வேண்டும்.

இந்த மாட்யூல் பேசும் ஜிஎஸ்எம் (2ஜி) முறை தொடர்ந்து சிக்னல் அனுப்புவதில்லை. 4.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, 577 மைக்ரோ செகண்ட் மட்டும் அனுப்பும். அந்த நேரத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே டவர், அதனால் குறைந்த பவரே போதுமாக இருந்தது. தோட்டத்தில் சிக்னல் மோசம், முழு பவரில் கத்துகிறது.

என் போர்டு 1 ஆம்பியர் தரும். மீதி 1 ஆம்பியரைக் கெப்பாசிட்டர் தர வேண்டும். 1000 மைக்ரோ ஃபாரட் போட்டால் அந்த 577 மைக்ரோ செகண்டில் 0.58 வோல்ட் இறங்கும், 4.1 என்பது 3.52 ஆகிவிடும். கணக்குக்குச் சரி, ஆனால் ஒயரிலும் கெப்பாசிட்டரின் உள் தடையிலும் போகும் நஷ்டத்துக்கு இடமில்லை. போட்டுப் பார்த்தேன், ரீசெட் குறைந்தது, நிற்கவில்லை. 2200 போட்டால் இறக்கம் 0.26தான். அதையும் கன்வர்ட்டர் பக்கம் வைக்காமல், மாட்யூலின் காலிலேயே பற்றவைத்தேன். நடுவில் இருந்த ஒரு சாண் மெல்லிய ஒயர் போனதே பெரிய வித்தியாசம். கூடவே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. அன்றோடு ரீசெட் நின்றது.

இரண்டாவது கோடையில் திரும்பவும் அதே தொல்லை. பெட்டியைத் திறந்தால் கெப்பாசிட்டரின் தலை லேசாக உப்பியிருந்தது. நான் வாங்கியது 85 டிகிரி வரை தாங்கும் வகை. தகரக் கூரையின் கீழ் மூடிய பெட்டி, மதியத்தில் கை வைக்க முடியாது. சூடு 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) வகைக்கு மாறினேன். விலை கொஞ்சம் கூட, ஆனால் இனி வேறெதுவும் வாங்க மாட்டேன்.

ஒன்று, இது கரண்ட் போனால் காப்பாற்றாது. அரை ஆம்பியர் இழுத்தால் 2200 மைக்ரோ ஃபாரட் சுமார் மூன்று மில்லி செகண்ட்தான் தாங்கும், அதற்கு பேட்டரிதான்.

மாற்றி இரண்டரை வருடம் ஓடிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தாலும் அப்பா கட்டிலில் இருந்தபடியே கால் கொடுக்கிறார். எல்இடி மூன்று வினாடிக்கு ஒருமுறைதான் மின்னுகிறது.