சும்மா வைத்தால் லேப்டாப் ஹேங் ஆகிறதா? "போர்டு போச்சு" என்றால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி பக்கம் பழைய லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டில் 4,500 ரூபாயும் ஒரு ரேமும் பறிபோயின. ரேம் திரும்பிவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

லேப்டாப் என் தங்கை மகளுடையது. ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். செலரான் என்2840 செயலி (ப்ராசஸர்) போட்ட பழைய மாடல். அந்தச் செயலி வந்தது 2014-ல். பழசுதான், ஆனால் நோட்ஸ் அடிக்க, பாட வீடியோ பார்க்க அவளுக்கு அது போதும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்காது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்தோம். வேகமாகவே ஓடியது. ஆனால் அதற்கப்புறம்தான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது.

வேலை செய்துகொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. முழுநீளப் படம் ஓடினாலும் நிற்காது. சாப்பிட எழுந்து போய்விட்டு வந்தால் திரை அப்படியே உறைந்திருக்கும். மூலையில் இருக்கும் கடிகாரம் அவள் எழுந்துபோன நேரத்திலேயே நிற்கும். மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் விளக்குகூட மாறாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் உண்டு.

கடையில் கொடுக்கும்போது இது அத்தனையும் சொன்னேன். மின்ட் போட்ட பிறகுதான் வருகிறது, சும்மா இருக்கும்போது மட்டும்தான் வருகிறது என்று அழுத்தியே சொன்னேன். அந்த ஆள் மூடியைத் திறந்தார், விசைப்பலகையைத் தடவிப் பார்த்தார், "உப்புக் காத்து சார், போர்டு போச்சு, ஐசி மாத்தணும்" என்றார். போர்டு என்றால் உள்ளே இருக்கும் மதர்போர்டு, ஐசி என்றால் அதில் பதித்திருக்கும் சிப். அதைப் பார்க்க பின்பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரைக்கும் துருப்பிடிப்பதைத் தினமும் பார்க்கிற ஊர். உப்புக் காத்து என்றால் யாரும் நம்புவோம். அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். எனக்குக் கோபமே அதில்தான். கடலோடு பிழைக்கிற ஜனங்கள், பிள்ளைகள் படிப்புக்காகச் சீட்டுப்பணம் எடுத்து லேப்டாப் வாங்குகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் பல வீடுகளில் வருமானமே இருக்காது. அந்த வீட்டுக்காரர்களிடம் போய்ச் செய்யாத வேலைக்குப் பணம் வாங்குவது எவ்வளவு பெரிய அநியாயம்!

திரும்பி வந்தபோது லேப்டாப் ஹேங் ஆகவில்லை. காரணம், மின்டை அழித்துவிட்டு உரிமமில்லாத விண்டோஸ் 10 ஒன்றை ஏற்றியிருந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் டைப் செய்து வைத்திருந்த நோட்ஸெல்லாம் போய்விட்டது. தோழிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவை மட்டும் மிஞ்சின. "மாமா, ரெக்கார்டுக்கு எழுதினது ஒண்ணுமே இல்ல" என்று அவள் அழுததைப் பார்த்தபோதுதான் இதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுபடியும் மின்ட் போட்டோம். அன்றைக்கே ஹேங் ஆனது. மாற்றியதாகச் சொன்ன ஐசியின் லட்சணம் அவ்வளவுதான். அதோடு, 8 ஜிபி ரேம் இருக்க வேண்டிய இடத்தில் 4 என்று காட்டியது.

பாம்பனில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். படகுகளில் இருக்கும் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் சரிசெய்கிறவர். உப்பு ஏறிய போர்டை அவரைவிட அதிகம் பார்த்தவர்கள் இந்தக் கரையில் குறைவு. அவரிடம் எடுத்துப் போனேன். பின்மூடியைக் கழற்றி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். வைஃபை ஒயர், ஸ்பீக்கர் ஒயர், போர்டை இறுக்கியிருக்கும் ஸ்க்ரூ தலைகள், எல்லாவற்றின் மேலும் வருடக்கணக்கான தூசி ஒரே படலமாகப் படிந்திருந்தது. எங்கும் கலையவில்லை. ரேம் இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் துடைத்த மாதிரி சுத்தம். "போர்டை வெளியே எடுக்காம ஐசி எப்படி அண்ணே மாத்துவாங்க? இந்த ஒயரையெல்லாம் பிடுங்கணும், அந்த ஸ்க்ரூவைக் கழட்டணும். கை வச்சது ரேம்ல மட்டும்தான்" என்றார். உப்பு ஏறினால் செம்புப் பட்டைகளில் பச்சையாகப் பூக்கும், ரேமின் பொன்முனைகள் கறுக்கும், ஸ்க்ரூ துளையைச் சுற்றி வெள்ளையாகப் படியும் என்று விளக்கினார். இதில் அப்படி எதுவுமே இல்லை.

அப்புறம் அவர்தான் உண்மையான காரணத்தையும் சொன்னார். நாம் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது செயலி மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, படிப்படியாக ஆழ்ந்த உறக்க நிலைகளுக்குப் போகும். இதற்கு 'சி-ஸ்டேட்' என்று பெயர். இந்த என்2840 இன்டெலின் 'பே ட்ரெயில்' குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பச் செயலிகளில் லினக்ஸ் ஓடும்போது, ஆழ்ந்த நிலைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் இயந்திரம் மொத்தமாக உறைந்துவிடுவது 2015 முதலே லினக்ஸ் பிழைப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. உலகம் முழுக்கப் பலர் பட்ட அவஸ்தை. வேலை செய்யும்போது வராமல், சும்மா இருக்கும்போது மட்டும் வந்ததற்கு அதுதான் காரணம். போர்டோ ரேமோ பழுதாக இருந்தால், செயலியை ஓட்டு ஓட்டென்று ஓட்டும்போதும் அநேகமாகச் சிக்கல் வந்திருக்கும்.

இதற்கு மருந்து ஒரே வரி. மின்ட் தொடங்கும்போது வரும் 'கிரப்' என்ற தொடக்கத் திரையில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில், செயலியை முதல் நிலைக்குக் கீழே உறங்கவிடாத கட்டளையைச் சேர்க்க வேண்டும். 'இன்டெல் ஐடில் மேக்ஸ் சி-ஸ்டேட்' என்று தேடினால் சரியான எழுத்தோடு கிடைக்கும். அதன் மதிப்பை 1 என்று கொடுங்கள். இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு தடவைக்குத்தான் நிற்கும், அதனால் சோதித்துப் பார்க்க ஏற்றது. ராத்திரி முழுக்கச் சும்மா போட்டு வையுங்கள். காலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் கிரப் அமைப்புக் கோப்பிலேயே எழுதி, அப்டேட் கிரப் கட்டளையைக் கொடுத்து நிரந்தரமாக்கிவிடலாம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், லேப்டாப்பின் உடம்பு லேசாகச் சூடாகும், வேறு நஷ்டமில்லை. எங்களுடையது அதற்கப்புறம் ஒரு முறைகூட உறையவில்லை.

உங்களுடையது வேறு செயலியாக இருந்தால் காரணமும் வேறாக இருக்கலாம். சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள் தங்கள் மின்சேமிப்பு நிலையிலிருந்து எழாமல் நின்றுவிடும். விண்டோஸ் என்றால் பவர் ஆப்ஷன்ஸில் 'பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட்' மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக இருப்பதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் மயங்க வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் இயந்திரம் நின்றுபோய் மறுபடி தொடங்கியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எதனால் நின்றது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ரேம் மேல் சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றலாம்.

கடையில் கொடுப்பதற்கு முன் ரேம், டிஸ்க் அளவுகள் தெரியும் திரையையும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் போனில் படமெடுத்து, அந்தக் கடையின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். "எந்தப் பாகம் போச்சு, எந்தச் சோதனையில் தெரிந்தது" என்று கேளுங்கள். பாகம் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். "கேட்காமல் ஃபார்மேட் செய்யக்கூடாது" என்று எழுதியே அனுப்புங்கள். எனக்கு ரேம் திரும்பக் கிடைத்தது மதுரையில் வாங்கிய 8 ஜிபி ரேமின் பில் கையில் இருந்ததால்தான். முதலில் "நீங்க கொடுக்கும்போதே நாலுதான் சார் இருந்துச்சு" என்று சாதித்தார்கள். பில்லைக் காட்டியதும் "பையன் மாத்திப் போட்டுட்டான்" என்று உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

4,500 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்தது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச்சீட்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, செய்த சேவைக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. அந்தச் சீட்டு, ஜிபேயில் பணம் போன விவரம், தூசி கலையாத போர்டின் படங்கள், எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை; சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும்; வக்கீல் இல்லாமல் நாமே வாதிடலாம்.

மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே மெயின் ரோட்டில் சமீபத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்தவர்கள் இன்றைக்கே ரேமைப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் அளவு தெரியும். குறைந்திருந்தால் வாங்கிய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போங்கள்.