பூட்டிய வளவுக்குச் சோலார் எதற்கு? விசிறி, பேனல், பேட்டரி: செட்டிநாட்டுக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சோலார் விற்க வருகிறவர் முதலில் அளப்பது மாடியை. அளக்க வேண்டியது மின்வாரிய பில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக ஏறி, 500 தாண்டினால் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 1000 தாண்டினால் பதினொன்றுக்கு மேல். பேனல் தரும் யூனிட் உங்கள் பில்லின் எந்தப் படியை வெட்டுகிறது என்பதில்தான் லாபம் இருக்கிறது.

வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வளவில், அதாவது பழைய செட்டிநாட்டு வீட்டில், இரண்டு விளக்கும் எப்போதாவது மோட்டாரும்தான் ஓடும். அந்த வீடு நூறைத் தாண்டாது, பில்லும் வராது. படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போது ஒரு பில் மட்டும் 1000 யூனிட்டுக்கு எகிறும். நெட் மீட்டரில் (வாரியத்துக்குக் கொடுத்ததை வாங்கியதில் கழித்துக் காட்டும் மீட்டர்) சேர்ந்த யூனிட் அதில் கழியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் மிச்சம் ஏழாயிரம் ரூபாய்தான். அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் போட்டால் முதல் திரும்பப் பதினைந்து வருடம். அந்தப் பணத்தில் ஓடு மாற்றலாம்.

ஆள் குடியிருக்கும் வீட்டுக் கதை வேறு. இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட், பில் ஏறத்தாழ 7,000 ரூபாய் என்று வையுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட், பாக்கி 280. பில் அறுநூறு ரூபாய் அளவுக்கு இறங்கும். விலை 1.9 லட்சம் என்றால், பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் 78,000 போகக் கைப்பணம் 1.12 லட்சம். மூன்று வருடத்தில் முதல் வந்துவிடும்.

இதற்கு ஒரு போட்டியாளர் உண்டு. அதை யாரும் கதவைத் தட்டி விற்பதில்லை: குறைந்த மின்சாரத்தில் சுற்றும் பி.எல்.டி.சி. மின்விசிறி. பட்டாலை, மேல்மாடி, அறைகள் என்று பத்து விசிறி தினம் 12 மணி நேரம் சுற்றும் வீட்டில், பழைய 75 வாட் விசிறி 9 யூனிட் தின்னும். 30 வாட் விசிறிக்கு 3.6 போதும். இரண்டு மாதத்தில் 324 யூனிட் மிச்சம், அதுவும் மேல்படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட். விசிறி ஒன்று மூவாயிரம் என்றால் செலவு 30,000. 1000 யூனிட் பில் 676 ஆகும். அதன் மேல் 2 கிலோவாட் பேனல் போடுங்கள்: விலை 1.3 லட்சம், மானியம் 60,000, கைப்பணம் 70,000. அது 480 யூனிட் தரும், பாக்கி 196. மொத்தச் செலவு ஒரு லட்சம். வெறும் 3 கிலோவாட்டை விடப் பணமும் குறைவு, பில்லும் குறைவு, மாடியில் மூன்றில் ஒரு பங்கு இடமும் மிச்சம்.

கரியைப் பார்த்தாலும் இதே தராசுதான். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு. 3 கிலோவாட் பேனல் வருடத்துக்கு ஏறத்தாழ 3 டன் தடுக்கும். 25 வருடத்துக்குக் கணக்கிட்டால், அரசு தரும் 78,000 டன்னுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் நிற்கிறது. மோசமான விலை அல்ல. ஆனால் அந்த மானியத்தில் விசிறிக்கு இடமே இல்லை என்பது கொள்கையில் இருக்கும் ஓட்டை.

400 யூனிட் வீட்டுக்காரர் 3 கிலோவாட் பக்கம் போகவே வேண்டாம். அவர் பில் 1,200 ரூபாய்க்குள். முழுவதையும் அழித்தாலும் வருடம் ஏழாயிரம்தான். ஒரு கிலோவாட் போட்டால் மானியம் 30,000 போக 35,000 ரூபாய் ஆகும்; ஆறு வருடத்தில் திரும்பும்.

பேட்டரிக்கு வருவோம். பேட்டரியை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 முதல் காரைக்குடியில்தான் இருக்கிறது. ஆனாலும் ஊரில் பேட்டரிக் கணக்கு போட்டு வாங்குகிறவர் குறைவு. 5 யூனிட் லித்தியம் பேட்டரி 1.1 லட்சம், பத்து வருடம், தினம் 4 யூனிட் எடுக்கலாம் என்று வைத்தால் சேமிப்புக் கூலி மட்டும் யூனிட்டுக்கு ஏழரை ரூபாய். 150 ஆம்பியர்-மணி ஈய டியூபுலர் பேட்டரியில் ஏற்றியதில் பாதியைத்தான் எடுக்கலாம்; 15,000 ரூபாய்க்கு வாங்கி 1,500 முறை ஏற்றி இறக்கினால் யூனிட்டுக்கு 11 ரூபாய். நெட் மீட்டர் இருக்கும் வீட்டுக்கு வாரியமே பேட்டரி மாதிரி: மத்தியானம் கொடுத்ததை ராத்திரி வாங்கிக்கொள்ளலாம். வாரியத்துக்கு இது கசப்பு. பகலில் மலிவாக வருவதை வாங்கி, விலை ஏறிய மாலையில் திருப்பித் தருகிறது. அதிகம் கட்டுகிற வாடிக்கையாளரும் கைநழுவுகிறார். இந்த வசதி என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பலர் ஏமாறுவது ஒன்றில்: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவர் உயிருக்காக இன்வெர்ட்டரே அணைந்துகொள்ளும். விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் போதும் என்றால் பழைய சாதா இன்வெர்ட்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஈய பேட்டரி தகரக் கூரைக்கடியில் வேண்டாம். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. தடித்த சுவரும் காற்றோட்டமும் உள்ள கீழ் அறை நல்லது.

நாட்டு ஓட்டின் மேல் பேனல் ஏற்றவே கூடாது. கால் வைத்தால் உடையும், கொக்கி போட்ட இடத்தில் ஐப்பசி மழை இறங்கும், நனைந்த தேக்குச் சட்டத்தைக் கரையான் பிடிக்கும். சுண்ணாம்புத் தளத்தில் துளை போடுவதும் அப்படியே. பின்கட்டுக்கு அப்பால் தோட்டத்தில் இரும்புக் கால் நட்டு நிறுத்துவதே பத்திரம்; ஆனால் மதில் நிழல் காலையில் ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கச் சோர்ந்துவிடும். செம்மண் தூசியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடிகாலையில், உப்பில்லாத தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும்.

கடைசியாக ஒரு காகிதச் சிக்கல். பழைய வீட்டு இணைப்பு பெரும்பாலும் காலமான ஐயா பெயரில் இருக்கும். மானியமோ இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பங்காளிகள் எழுதித் தந்து பெயர் மாற்றம் முடிந்தபிறகே பேனலுக்கு முன்பணம் கொடுங்கள்.