கருமருது விரல்பலகையும் ஆடிக் காற்றும்: ஸ்கொயர் கிளாசிக் வைப் 60ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டர்

ஸ்கொயர் கிளாசிக் வைப் 60ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரை நான் வாங்கிப் பதினேழு மாதங்கள் ஆகின்றன. ஒரு கருவியைப் பற்றி எழுதுவதற்கு இவ்வளவு காலம் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு கிட்டார் கோடை வெயிலையும், ஆனி ஆடிக் காற்றையும், ஐப்பசி அடைமழையையும் ஒரு சுற்றாவது கடந்தால்தான் அதன் மரம் எப்படிப்பட்டது என்று தெரியும். பெட்டியைத் திறந்த அன்றே எழுதப்படும் மதிப்புரைகள் குளிரூட்டப்பட்ட அறையில் வாசிப்பவர்களுக்குப் பயன்படலாம். ஆலயத்தில் மின்விசிறிக்கு அடியில் நின்று வாசிக்கும் நமக்குப் பயன்படா.

இந்தக் கிட்டார் எதன் நகல் என்பதை முதலில் சொல்ல வேண்டும். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954இல் கலிஃபோர்னியாவில் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர், இன்று உலகில் மிக அதிகமாகப் பின்பற்றப்படும் மின்கிட்டார் வடிவங்களுள் ஒன்று. 1965 சனவரியில் ஃபெண்டர் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் பின்னர் வேலைத்தரம் குறைந்தது என்ற எண்ணம் வாசிப்பவர்களிடையே வேரூன்றியதால், அதற்கு முந்தைய கிட்டார்களுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. புகழ்பெற்ற கைகள் வாசித்தவை என்றால் விலைக்கு எல்லையே இல்லை. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1969ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். ஆனாலும் 2019 சூனில் நியூயார்க் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. புகழ் எதுவும் சேராத ஒரு சாதாரண 1963ஆம் ஆண்டுக் கிட்டாரே நம் ஊரில் வீட்டுமனை வாங்கும் தொகையைக் கேட்கும்.

அத்தகைய கிட்டார் ஒன்றைக் கையில் ஏந்தும் வாய்ப்பு எனக்கு ஒரே ஒரு முறை, சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், அரை மணி நேரம் கிடைத்தது. ஒலியைவிட அதன் கழுத்துதான் இன்றும் என் நினைவில் நிற்கிறது. அறுபது ஆண்டுகளாகப் பலருடைய உள்ளங்கைகள் தேய்த்த மரத்தில் வார்னிஷ் விலகி, கம்பிகளை விரல்கள் அழுத்தும் விரல்பலகையின் ஓரங்கள் கூர்மை அடங்கி, பாட்டி வீட்டு ஊஞ்சல் பலகையைத் தொடுவதுபோல் இருந்தது. பழைய கிட்டார் என்றாலே மக்கள் ஒலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நாகஸ்வரம் செய்பவர்கள், இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து ஆச்சா மரத்தைத் தேடி எடுப்பதைச் சிலர் இதற்கு ஒப்புமையாகக் காட்டுவார்கள். நாகஸ்வரத்தில் காற்று அந்த மரத்துக்குள்ளேயே ஓடுவதால் அங்கே அந்தத் தேடலுக்குப் பொருள் இருக்கிறது. உள்ளே குடைவில்லாத கட்டை உடல் கொண்ட மின்கிட்டாரிலோ, கம்பியின் அதிர்வை அதற்கு அடியில் உள்ள காந்தங்களும் அவற்றைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பியும் சேர்ந்த பிக்கப்கள்தான் மின் அலையாக மாற்றுகின்றன. ஆகவே மரத்தின் வயது ஒலியில் செய்யும் வேலை சிறிது என்றும், வாசிப்பவரின் கைக்கு அது தரும் நம்பிக்கையே பெரிது என்றும் நான் கருதுகிறேன். அந்த நம்பிக்கை வாசிப்பையே மாற்றிவிடும் என்பதால் அதைக் குறைவான காரணமாக நான் எண்ணவில்லை.

நகல்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கிட்டாரின் இடத்தை விளங்கிக்கொள்ள முடியாது. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் ஃபெண்டர், அதன் போட்டி நிறுவனமான கிப்சன் ஆகியவற்றின் வடிவங்களை அப்படியே செய்து குறைந்த விலையில் விற்றன. 1977இல் கிப்சனின் உரிமை நிறுவனமான நார்லின், ஐபனேஸ் என்ற ஜப்பானியக் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின்மீது தலைப்பகுதியின் வடிவத்துக்காக வழக்குத் தொடுத்தது. ஃபெண்டரோ வேறு வழியை நாடியது. 1982இல் ஜப்பானிலேயே தன் கிட்டார்களைச் செய்வித்து, தான் 1965இல் வாங்கியிருந்த பழைய கம்பித் தயாரிப்பு நிறுவனமான ஸ்கொயரின் பெயரை மலிவான பதிப்புகளுக்கு இட்டது. தன்னைப் பார்த்துச் செய்தவர்களைவிடத் தன்னைத் தானே நன்றாக நகலெடுக்க முடியும் என்று காட்டுவதற்காகவே பிறந்த பெயர் அது என்று சொல்லலாம்.

எங்கள் சபையின் பாடகர் குழுவில் நாற்பது ஆண்டுகளாக வாசிக்கும் அண்ணாச்சி ஒருவரிடம், அந்தக் காலத்து ஜப்பானிய நகல் ஒன்று இருக்கிறது. கப்பலில் வேலைபார்த்த அவருடைய தமையன் வாங்கிவந்தது அது. தலைப்பகுதியில் ஒட்டியிருந்த பெயர் எப்போதோ அழிந்துவிட்டது. "தம்பி, அப்ப இதக் காப்பின்னு சொல்லி எல்லாரும் எளக்காரமாப் பாத்தாங்க. இப்ப வெளியூர்லருந்து வந்து வெலைக்குக் கேக்குதாங்க" என்று அவர் சொன்னபோது, நகல்களுக்கும் முதுமை வரும், அந்த முதுமைக்கும் மதிப்பு வரும் என்பது எனக்கு முதல் முறையாக உறைத்தது. நான் புதிய கிட்டாரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கைக்கெட்டிய அளவுகோலும் அவருடைய கிட்டார்தான்.

இப்போது கருவிக்கு வருகிறேன். இந்தோனேசியாவில் செய்யப்படும் இதன் உடல் பாப்லர் மரம். 1960களின் மூலக் கிட்டார்களில் பெரும்பாலும் ஆல்டர் மரம் இருந்தது. கழுத்து மேப்பிள். விரல்பலகைக்கு நிறுவனம் தரும் பெயர் இந்தியன் லாரல். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் கருமருதுதான் அது என்று அறிந்தபோது அடைந்த மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை. முன்பு இந்த இடத்தில் ஈட்டி மர இனங்களே இருந்தன. 2017 சனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்ததையொட்டிப் பல தயாரிப்பாளர்கள் வேறு மரங்களைத் தேடினார்கள். 2019 இறுதியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டாலும், அதற்குள் கருமருது தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஈட்டியின் ஆழ்ந்த நிறம் இதற்கு இல்லை. சற்று வெளிறிய பழுப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை எலுமிச்சை எண்ணெய் தடவியதில் நிறமும் கறுத்தது, வறட்சியும் அடங்கியது.

விரல்பலகையின் வளைவுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கிட்டாரின் மிகச் சிறந்த செய்தி. பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வளைவு ஆரம் 7.25 அங்குலம், இதிலோ 9.5 அங்குலம். எண்ணில் சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, கீர்த்தனைகளுக்கு வாசிப்பவர்களுக்கு மிகப் பெரியது. கமகம் வேண்டிய இடத்தில் நாம் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி இழுக்கிறோம். வளைவு அதிகமான பழைய விரல்பலகையில் கம்பிகளைத் தாழ்வாக வைத்திருந்தால், மேல் ஸ்தாயியில் இழுக்கும்போது கம்பி நடுமேட்டில் உள்ள ஃபிரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டில்) முட்டி ஒலி அறுந்துவிடும். அண்ணாச்சியின் கிட்டாரில் எனக்கு இது பலமுறை நேர்ந்திருக்கிறது. அதனால் அவர் கம்பிகளை உயரமாகவே வைத்திருக்கிறார். புதிய கிட்டாரில் கம்பியை 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்தும், பதினைந்தாம் ஃபிரெட்டில் ஒரு முழுச் சுரம் இழுத்துத் திரும்ப முடிகிறது. குறுகலாகவும் உயரமாகவும் உள்ள ஃபிரெட்கள் விரலுக்குப் பிடிமானம் தருகின்றன. பழைமையை அப்படியே பின்பற்றாமல் விட்ட இந்த ஓர் இடத்தில் நகல் மூலத்தை முந்திவிட்டது என்பதே என் துணிபு.

ஒலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆல்நிகோ காந்தங்கள் கொண்ட மூன்று ஒற்றைச்சுருள் பிக்கப்கள், மணி போன்ற தெளிவான ஒலியைத் தருகின்றன. 1977க்கு முந்தைய கிட்டார்களில் மூன்று நிலைச் சுவிட்சே இருந்ததால், இரண்டு பிக்கப்களின் ஒலியைக் கலக்க வேண்டியவர்கள் அதை இரு நிலைகளுக்கு இடையில் நிறுத்தி வாசித்தார்கள். இதில் ஐந்து நிலைகள் இருக்கின்றன. கழுத்துப் பிக்கப்பையும் நடுப் பிக்கப்பையும் சேர்த்து, ஒலி அளவைச் சற்றுக் குறைத்து வாசித்தால், பாமாலைகளுக்குக் குரல்களை மறைக்காத ஒரு மென்மை கிடைக்கிறது. ஒற்றைச்சுருளுக்கே உரிய இரைச்சல் இதிலும் உண்டு. குழல்விளக்கு, மின்விசிறி ரெகுலேட்டர் ஆகியவற்றின் அருகே நின்றால் அந்த இரைச்சல் கூடும். ஆலயத்தில் நான் நிற்கும் இடத்தை நான்கு அடி நகர்த்தியதே எனக்குப் போதுமான தீர்வாயிற்று.

குறை சொல்ல வேண்டியது என்றால், அது விற்றவர்களைப் பற்றியது. கிட்டார் என் கைக்கு வந்தபோது கம்பிகள் வாசிக்க முடியாத உயரத்தில் இருந்தன, கழுத்து சரிபார்க்கப்படவே இல்லை. விற்பனைக்கு முன் சீர்செய்து தருவதாகச் சொன்ன கடை அதைச் செய்யவில்லை. அரை லட்சம் ரூபாயை ஒட்டிய தொகையைக் கொடுத்து வாங்குபவருக்கு இது நியாயமன்று. மேலும் இரண்டாயிரம் ரூபாய் செலவழித்து வேறொருவரிடம் சீர்செய்துகொண்டேன். வாங்க நினைப்பவர்கள் இந்தத் தொகையையும் முதலிலேயே ஒதுக்கிவைப்பது நல்லது.

அடுத்து காற்று. குற்றாலத்தில் சாரலாகப் பொழிந்துவிட்ட பிறகு, செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆனி ஆடிக் காற்று நம் சமவெளியில் ஈரமின்றி வீசுகிறது. முதல் ஆடியில் கழுத்து மரம் ஈரத்தை இழந்து பின்னோக்கி நிமிர்ந்ததால், முதல் ஐந்து ஃபிரெட்களில் கம்பிகள் உரசி இரைந்தன. ஃபிரெட்களின் முனைகளும் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்பட்டன. மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. எந்த நிறுவனத்தின் கிட்டாருக்கும் இந்த ஊரில் இது நேரும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை மிகச் சிறிது தளர்த்தியதும் இரைச்சல் நின்றது. பழைய கிட்டார்களில் இதற்காகக் கழுத்தையே கழற்ற வேண்டியிருக்கும். இதில் தலைப்பகுதியிலேயே சாவியைச் செருகித் திருப்பலாம். ஐப்பசி மழையில் கழுத்து மறுபடி முன்னோக்கி வளைந்தபோது அதே அளவு இறுக்கினேன். இரண்டாவது ஆடியில் அசைவு பாதியாகக் குறைந்துவிட்டது. கம்பி உயரத்தை அளப்பதற்கு மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றையும், சரியான சாவி ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஆனித் தொடக்கத்திலும் ஐப்பசித் தொடக்கத்திலும் சரிபார்த்தால் போதும்.

முன்பு நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுத் தேய்ந்து மரத்தைக் காட்டியதுபோல், இதன் பளபளக்கும் பாலியூரிதேன் பூச்சு எளிதில் தேயப்போவதில்லை. வியர்வையில் கை ஒட்டிக்கொள்ளும் பாளையங்கோட்டை மே மாதத்தில், கழுத்தின் பின்புறத்தை மட்டும் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிக்கொண்டேன். விற்கும்போது விலை குறையும் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. தேய்த்த மறுநாள் பாடற்பயிற்சியில் அண்ணாச்சி அதை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை மேலும் கீழுமாக இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, பயிற்சி முடியும்வரை திருப்பித் தரவே இல்லை.